வலப்பக்கம் கடல்

எண்ணூர் விரைவுச் சாலையோரம் என் எடைமேடை.
ஜன்னல் வடக்குப் பார்த்தது.
எதிரே, மூடிப்போட்ட உப்புக் கிடங்கின் சுவர்.
அதில் ஆள் உயரத்துக்குக் கறுப்புப் பெயின்ட்டில்
எட்டு இலக்கம்:

73939133

வரி நம்பர் என்றார் வாட்ச்மேன் தேசிங்கு.
ஈபி நம்பர் என்றாள் டிபன் கொண்டுவரும் ஜெசிந்தா.
போன் நம்பர்னா ரெண்டு குறையுதே என்று
மணலி டிரைவர் ஒருவர் டயல் செய்தே பார்த்தார்.

நான் பி.எஸ்சி. கணக்கு.
இரண்டு அரியர் பாக்கி.
டிரெய்லர் வரிசை நகராத ராத்திரிகளில்
எடைச் சீட்டின் முதுகில்
வகுக்க ஆரம்பித்தேன்.

மூன்றுக்கு மீதி இரண்டு.
ஏழுக்கும் இரண்டு.
பதினொன்றுக்கு நாலு.
பதிமூன்றுதான் ஆசை காட்டியது.
வாய்விட்டுப் படியுங்கள்:
ஏழு கோடியே முப்பத்தொன்பது லட்சத்து
முப்பத்தொன்பதாயிரத்து நூற்று முப்பத்து மூன்று.
நடுவில் அதன் பிள்ளைகளே இரண்டு பேர்.
இருந்தும் எட்டு மீதி வந்தது.

எட்டாயிரத்து ஐந்நூற்றுத் தொண்ணூற்றெட்டோடு
நிறுத்திக்கொள்ளலாம்.
அதற்கு மேல் ஒரு வகுத்தி இருந்தால்
அதன் ஜோடி முன்னாலேயே மாட்டியிருக்கும்.
ஆயிரத்துச் சொச்சம் பகா எண்களை
ஒவ்வொன்றாக மேடையில் ஏற்றி இறக்கினேன்.
கடைசி வண்டி 8597.
மீதி 4933.
சித்திரையில் தொடங்கியது, ஆடி ஆகியிருந்தது.

பகா எண். சரி.
அதோடு விட்டிருப்பேன்.

கார்த்திகைப் புயலில்
கடலோரத்து மூன்று உரிந்து விழுந்தது.
7393913.
விட மனசில்லாமல் திரும்ப வகுத்தேன்.
வகுபடவில்லை.
மாசிப் பனியில் இன்னொரு மூன்று போனது.
739391.
அதுவும்.

பயமாக இருந்தது, சொல்லப்போனால்.
உப்புக் காற்றுக்குக் காத்திருக்காமல்
சீட்டில் நானே அழித்துக்கொண்டு போனேன்.

73939
7393
739
73
7

ஒன்றும் உடையவில்லை.

கடல் மட்டும் மேற்கே இருந்திருந்தால்
முதலில் ஏழு போயிருக்கும்.
3939133.
பதினொன்று செருப்பைக்கூடக் கழற்றாமல்
நேரே உள்ளே வந்து
மூன்று லட்சத்து ஐம்பத்தெட்டாயிரத்து நூற்று மூன்று முறை
கால் நீட்டிப் படுத்திருக்கும்.
மீதி பூஜ்யம்.
நல்லவேளை, நம்மூருக்குக் கடல் கிழக்கே.

வலப்பக்கம் ஒன்று சேர்த்தால் என்ன என்றும் பார்த்தேன்.
இரட்டைப்படைக்கும் ஐந்துக்கும் பேச்சே இல்லை.
ஒன்றும் ஏழும் மூன்றிடம் சிக்கும் இலக்கங்கள்.
மூன்றும் ஒன்பதும் எங்கே உடையுமோ
நான் இன்னும் கண்டுபிடிக்கவில்லை,
உடையும் என்கிற புத்தகத்தை நம்புகிறேன்.
இப்படிக் கடைசியிலிருந்து தேயத் தேய நிற்கிறவற்றில்
இதைவிடப் பெரியது கிடையாதாம்.
என் கால்குலேட்டரிலும்
எட்டுக் கட்டம்தான்.

எழுதிய ஆளுக்குத் தெரிந்திருக்குமா?
தெரிந்திருக்காது.
ஸ்டென்சில் தகட்டை வைத்து
பெயின்ட் அடித்துவிட்டுப் போயிருப்பார்,
வெயிலுக்கு முன்னால் வேலை முடியட்டும் என்று.

"இதனால உனக்கு இன்னாம்மா கெடைக்குது?"
தேசிங்கு கேட்டார்.
கண்டெய்னர் ஏறி இறங்குவதைப் போல
நல்ல கேள்வி அது.
மொத்தத்தில் வண்டியைக் கழித்தால் சரக்கு.
இங்கே எதைக் கழிப்பது?

இப்போது வேறொன்று.
எட்டு இலக்கமும் இருந்தபோது
நாலால் வகுத்தால் மீதி ஒன்று.
அந்த மாதிரிப் பகா எண்
இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக இருந்தே தீரும்,
அதுவும் ஒரே ஒரு விதமாக.
எந்த இரண்டு என்று தேடுகிறேன்.
சின்னது ஆறாயிரத்து எண்பதைத் தாண்டாது.
நானூற்றுப் பத்து வரை வந்தாயிற்று.

ஹாரன் அடிக்கிறான்.
கண்ணாடிக்கு அந்தப்பக்கம்
சுவரில் ஒன்று என்கிற இலக்கம்
கால் பக்கம் வெளுக்கத் தொடங்கியிருக்கிறது.
இருங்க அண்ணே,
சீட்டு வருது.